வேல் கல்லில் எலுமிச்சை பிழிந்தவனுக்கு

தம்பி, நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். எழுதி உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். நீ கோபித்துக்கொண்டு அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் வீடியோவை ஊர் ஊராக அனுப்பிய அத்தனை பேரும் அதில்தான் இருக்கிறார்கள். அதை அனுப்பிய கைகள் இதையும் அனுப்பட்டும். உன் அப்பாவும் அதில் இருக்கிறார். அவரும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்? வாயைத் திறந்து பேசத் தெரியாத இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டேன். இனிமேல் யாருக்கு நான் அடங்கி நடக்க வேண்டும்?

அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கப் போகிறாய். மேல்படிப்பு, இன்னும் பழைய கற்கள், இன்னும் பழைய உயிர்கள். போ. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் பங்குனி உத்திரத்தன்று வேல் கல்லுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல், கல் அழிந்தே போயிற்று என்று நினைத்துக்கொண்டு, அப்பா முகத்தைப் பார்க்காமல் நீ விமானம் ஏறிவிடக் கூடாது. அதுதான் என் பயம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. ஒரு கோபம் வந்தால் அதை வருஷக்கணக்காக அடைகாப்பீர்கள். அப்பாவுக்குப் போன வருஷம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வருஷக்கணக்கெல்லாம் இனிமேல் யார் கையில் இருக்கிறது? அதனால் பாதியில் மூடிவிடாமல் கடைசி வரைக்கும் படி.

கல்லின் கதை உனக்குத் தெரியும். வீடியோவைப் பார்த்துவிட்டுப் புதிதாகக் குழுவில் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். அலோர் காஜாவுக்கு வெளியே நம் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலம். பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் படி கட்ட வேண்டியிருந்தது. வடக்கே பெர்லிஸ் பக்கம் போய்வந்த லோரிக்காரர் ஒருவர் சாம்பல் நிறப் பலகைக் கற்களை ஏற்றிவந்து இறக்கினார். மழை பெய்து கழுவியதும் அதில் ஒன்றில் வெள்ளையாக ஒரு வேல் தெரிந்தது. ஒரு முழ நீளம். கீழே அகன்று, மேலே போகப்போகக் கூர்ந்து, குறுக்கே வரிவரியாகக் கோடுகள். யாரும் செதுக்கவில்லை, கல்லுக்குள்ளேயே இருந்தது. அதை மிதித்துப் படியேற எவனுக்குத் தைரியம் வரும்? மரத்தடியில் நிறுத்தினார்கள், எண்ணெய் சாத்தினார்கள், தகரக் கூரை போட்டார்கள், கோயிலாகிவிட்டது. எங்கள் கல்யாணம் அந்தக் கல் முன்னால்தான் நடந்தது. உனக்குப் பெயர் வைத்ததும் அங்கேதான். தோட்டம் செம்பனை எண்ணெய் மரத்துக்கு மாறி, லயத்து வீடுகளை இடித்து, நாமெல்லாம் புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் வந்த பிறகும் உத்திரத்துக்கு அங்கேதான் போகிறோம். அப்பா பல வருஷமாகக் கோயில் தலைவர்.

அந்த வேல் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் முனை, பிறகு ஓரத்து வரிகள். "சாமிக்கு உஷ்ணம்" என்றார் பூசாரி அண்ணன். உஷ்ணத்துக்கு நாம் என்ன செய்வோம்? குளிர்ச்சி. அவர் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்ததும், குடம் குடமாகத் தயிரும் கூடை கூடையாக எலுமிச்சைச் சாறும் ஊற்றினோம். அடுத்த வருஷம் இன்னும் மங்கியது. இன்னும் ஒரு கூடை பிழிந்தோம். உனக்கு மூச்சிரைப்பு வந்த காலத்தில் நானும் கை எரிய எரியப் பிழிந்தவள்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சாமி நம்மைவிட்டுப் போகிறாரோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

மூச்சிரைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்று மலாக்கா டவுனில் ஒரு சீனர் மருந்துக் கடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தௌகே ஒரு இழுப்பறையைத் திறந்து எலும்புத் துண்டு மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். "இது நாகா, டிராகன் எலும்புலா. தூளாக்கிக் குடிச்சா நல்லது" என்றார் மலாயும் தமிழும் கலந்து. நீ அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாய். பிடுங்கவே முடியவில்லை. கடையே திரும்பிப் பார்க்க அழுதாய். பல்கலைக்கழகம் போன பிறகு ஒருநாள் போன் செய்து, அதெல்லாம் மண்ணுக்குள் கிடந்த பழங்காலத்து மிருகங்களின் எலும்பும் பல்லும் என்றாய். ஹாங்காங்கில் அப்படி ஒரு மருந்துக் கடையில் ஓர் ஆராய்ச்சிக்காரர் ஒரு பெரிய பல்லைப் பார்த்து, அதுவரை யாரும் அறியாத ராட்சதக் குரங்கு ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்தாராம். "எத்தன உயிர இடிச்சிக் காச்சிக் குடிச்சிட்டாங்களோ, மா" என்றாய். நான் சிரித்தேன். நம் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் லீவுக்கு வந்தாய். கோயிலுக்குப் போய்விட்டு வந்து நேராகச் சமையல்கட்டுக்கு வந்தாய். முகம் வெளுத்துக் கிடந்தது. அந்த வேல் ஒரு உயிர் என்றாய். நாற்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலில் நீந்தியது, நீளக் கூம்பாக ஓடு, ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு, அந்தத் தடுப்புகள்தான் நாம் பார்க்கிற வரிகள். சீனாவில் இதே மாதிரிக் கல்லைக் கோபுரக் கல் என்பார்களாம், கோபுரத்தின் நிழல் கல்லில் ஒட்டிக்கொண்டது என்று நம்பினார்களாம். "அவங்களுக்குக் கோபுரம், நமக்கு வேலு" என்றாய். பிறகுதான் சொன்னாய், அது சுண்ணாம்புக் கல், புளிப்பு பட்டால் கரையும், நாம் ஊற்றுகிற சாறுதான் அதைத் தின்கிறது, இன்னும் சில உத்திரம் போனால் ஒன்றும் மிஞ்சாது என்று. "அப்பாட்ட தனியா, மெதுவா சொல்லு தம்பி" என்றேன். சொன்னேனா இல்லையா?

நீ என்ன செய்தாய்? உத்திரத்துக்கு ஏற்பாடு பேசக் கூட்டம் போட்டிருந்தார்கள், கோயிலிலேயே. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போய், கல்லடியில் உடைந்து கிடந்த சில்லு ஒன்றை எடுத்தாய். கத்தியால் சுரண்டினாய். தட்டிலிருந்த எலுமிச்சையை அறுத்து அதன்மேல் பிழிந்தாய். பொருபொருவென்று நுரைத்தது. "பாத்தீங்களா, கரையுது. இதத்தான் வருசா வருசம் சாமிக்கு நாம செய்யிறோம்" என்றாய். உன் கண் அந்தச் சில்லின்மேல் இருந்தது. என் கண் சனங்கள்மேல் இருந்தது. ஒருத்தர் விடாமல் கைகூப்பிவிட்டார்கள், தம்பி. பின்னாலிருந்து யாரோ "முருகா!" என்றார்கள். நம் கோயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீ. சாமி முன்னால் எலுமிச்சையை அறுத்து, கல்லைப் பொங்கவைத்துக் காட்டினால் நம் ஆட்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையே! செயலாளர் சந்திரன் மாமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் நீ கவனிக்கவில்லை.

அப்பா மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப இது சாமி இல்ல. என்னாடா இது, சொல்லு."

"ஒரு உயிர்பா. சோத்தோங், கணவாய் ஜாதி."

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "நேத்து உங்கம்மா சம்பல் வெச்சாளே, அதுவாடா எங்க அப்பன் கும்பிட்டது?" என்று அப்பா எழுந்தார். நீ வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடினாயா? "நீங்க கும்புடுறதா நெனச்சிக்கிட்டு அதக் கொன்னுக்கிட்டு இருக்கீங்கபா" என்றாய், அத்தனை பேர் முன்னாலும். அப்பா வாசலைக் காட்டினார். "வெளிய போடா. இனிமே என் வாசல மிதிக்காத" என்றார். நீ அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர் பஸ் ஏறிவிட்டாய்.

நீ சொன்னது உண்மை. ஆனால் உண்மையை வைத்து ஆளை அடிக்கக் கூடாது. நீ போகப் போகிற ஆஸ்திரேலியாவில், பழைய சுரங்கத்துப் பக்கம் ஒருவர் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் பாறையில் ஜெல்லிமீன் மாதிரித் தடங்களைப் பார்த்தார் என்று நீதானே சொன்னாய்? அவ்வளவு பழைய பாறையில் உயிரே இருக்க முடியாது என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்களாம். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பாறையில் பெரணி இலை மாதிரி ஒன்றைக் கண்டு டீச்சரிடம் சொல்ல, அந்தப் பாறையில் அதெல்லாம் இருக்காது என்று டீச்சர் வாயை அடைத்துவிட்டார். பிறகு அதையே ஒரு பையன் பார்த்துச் சொன்னதும் பெயர் அவனுக்குப் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லும்போது உனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது! அவர்களையெல்லாம் கேட்க ஆளில்லை. உன்னைக் கேட்க ஆள் இருந்தது, தம்பி. அப்பா கேட்கத்தான் செய்தார். நீதான் பதிலைக் கல் மாதிரி எறிந்தாய். அடுத்த முறை யாருக்காவது எதையாவது புரியவைக்கப் போகும்போது, கேட்பவர் எதை இழக்கப் போகிறார் என்று முதலில் பார். பிறகு வாயைத் திற.

உத்திரத்துக்கு முதல் நாள் காலையில் அலோர் காஜா பசாருக்குப் போனேன். ஒரு கடையிலும் எலுமிச்சை இல்லை. "எல்லாம் முடிஞ்சிருச்சு கா. வேல் கல்லு கோயிலுக்குன்னு மலாக்காகாரங்க, மூவார்காரங்க மூட்டையா அள்ளிட்டாங்க. சாமி பொங்குதாமே?" என்றாள் காய்கறிக்காரி, போனைக் காட்டினாள். உன் கைதான். நீ பேசியதெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். எலுமிச்சை விழுகிறது, கல் பொங்குகிறது, பின்னணியில் நாதஸ்வரம். "பிழிந்தவர் நோய் தீர்ந்தது" என்று கீழே எழுத்து வேறு. பசார் நடுவில் நின்றுகொண்டே உனக்குப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் ஊற்றியதையெல்லாம் சேர்த்தாலும் நாளைக்கு ஊற்றப்போவதற்கு ஈடாகாது.

வீட்டுக்கு வந்தால் சந்திரன் மாமா உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பூரிப்பு. நிலத்து விஷயம் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை வீடு கட்ட விற்கிறார்கள், கோயிலை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. "தலைவரே, நாளைக்கு வர்ற கூட்டத்த படம் எடுத்துக் காட்டுனா எவன் நம்ம கோயில்ல கை வெப்பான்? உங்க மவன் கோவத்துல செஞ்சாலும் நமக்கு நல்லதுதான் செஞ்சிட்டுப் போயிருக்கான்லா" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை. மாமா போன பிறகு நான் அப்பாவிடம் கேட்டேன், "ஏங்க, நாளைக்கு ஊத்த விடப் போறீங்களா?"

"ஊரே வருது. நான் என்னா செய்ய?"

அப்போதுதான் நீ ஒருமுறை சொன்ன தேனடைக் கதையைச் சொன்னேன். இந்தியாவில் ஒரு குகைப் பாறையில் ஆதிகாலத்து உயிரின் தடம் கிடைத்தது என்று பெரிய ஆராய்ச்சியாளர்கள் எழுதி, உலகமே கொண்டாடி, பிறகு வேறு சிலர் போய்ப் பார்த்தால் அது தேனடை ஒட்டிக்கிடந்த தடம். முதலில் எழுதியவர்களே ஆமாம், நாங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார்களாம்.

"வெக்கமா இருந்திருக்காதா அவங்களுக்கு?" என்றார் அப்பா.

"இருந்திருக்கும். இருந்தாலும் சொல்லிட்டாங்க" என்றேன்.

அவர் எழுந்து ஹாலுக்குப் போனார். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "மோட்டார்ல ஏறு" என்றார். படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் லோரிகள் ஹாரன் அடித்தன, அவர் ஒதுங்கவே இல்லை. கோயிலில் பந்தல் போடுகிற ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். பூசாரி அண்ணனை அழைத்து மாலையை எடுக்கச் சொன்னார். துணியால் எண்ணெயைத் துடைக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

படத்தில் நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோய் நிற்கிறோம். எங்களுக்கு நடுவில் வேல். அதன் முனை ஊசியாக நிற்கிறது, ஒரு வரி விடாமல் எண்ணலாம். கல்லில் அந்த முனை இல்லை. நடுவில் கொஞ்சம் வரிகள், அதுவும் பூசாரி அண்ணன் கையால் தடவிக் காட்டினால்தான் தெரியும். அப்பா படத்தைப் பார்ப்பதும் கல்லைப் பார்ப்பதுமாக இருந்தார். "நம்மதான்" என்றார். பிறகு பூசாரி அண்ணனைப் பார்த்து மறுபடியும், "நம்மதான்யா செஞ்சிருக்கோம்" என்றார். பூசாரி அண்ணன் அழுதுவிட்டார். தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டிய கை அவருடையது.

மறுநாள் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செம்மண் சாலையில் மெயின் ரோடு வரைக்கும் காடிகள், கார்களும் வேன்களுமாக. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, பை நிறைய எலுமிச்சை. காவடிக்கு இடமில்லை. சந்திரன் மாமா மைக்கில் வரவேற்றுக்கொண்டே இருந்தார். அப்பா மைக்கை வாங்கினார். "இந்த வருசம் கல்லுக்கு அபிசேகம் கெடையாது. பக்கத்துல நிக்கிற பித்தளை வேலுக்குத்தான் எல்லாம். கல்லுக்குப் பூவும் தண்ணியும் மட்டும்" என்றார். கூட்டம் வெடித்தது. "எங்கேர்ந்து வந்திருக்கோம் தெரியுமா?" என்றது ஒரு குரல். "டெவலப்பர்ட்ட வாங்கிட்டாருலா தலைவரு!" என்றது இன்னொன்று. யார் அது என்று எனக்குத் தெரியும், இந்தக் குழுவில்தான் இருக்கிறான், படிக்கட்டும். சந்திரன் மாமா அப்பாவின் காதருகில் போய், "என்ன காரியம் பண்றீங்க, நெலம் போயிரும்" என்று கெஞ்சினார். அப்பா கல்லின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

முன்னால் இருந்தவர்கள் தள்ளவில்லை, பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். தடுப்புக்குக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. அறுத்த பழங்களைத் தூரத்திலிருந்தே எறிய ஆரம்பித்தார்கள். பக்கத்தில் வந்தவர்கள் எட்டிப் பிழிந்தார்கள். அப்பா திரும்பிக் கல்லைப் பார்த்தபடி நின்று, இரண்டு கையையும் அதன் இரு பக்கமும் ஊன்றி, அதன்மேல் அப்படியே குனிந்துகொண்டார். சட்டை இல்லாத முதுகில் சாறு வழிந்து வேட்டியெல்லாம் நனைந்தது. கண்ணுக்குள் போயிருக்க வேண்டும், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கத்துகிறேன், "ஏங்க, வந்துருங்க, நெஞ்சு நெஞ்சு" என்று. யாருக்குக் கேட்கிறது? அந்த நிமிஷம் எனக்குக் கல்லும் வேண்டாம், சாமியும் வேண்டாம், அந்த மனிதர் உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உன்மேலும் கோபம் வந்தது.

"யாரு சொன்னா ஊத்தக் கூடாதுன்னு?" என்று ஒருவன் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"என் மவன் சொன்னான்லா!" என்றார் அப்பா. அவர் குரல் பக்கத்தில் கிடந்த மைக்கில் விழுந்து தோட்டம் முழுக்கக் கேட்டது. "படிச்ச புள்ள சொன்னான். சாறு பட்டா கல்லு கரையுதுன்னு சொன்னான். நான்தான் வெளிய போடான்னுட்டேன். இப்ப நான் சொல்றேன், கரையுது. ஊத்துறதா இருந்தா எம்மேல ஊத்திட்டுப் போங்க."

உலுக்கியவன் கையை எடுத்துவிட்டான். பின்னால் இன்னும் கத்தல் இருந்தது, ஆனால் முன்வரிசை நின்றுவிட்டது. அந்த வரிசையில் மூவாரிலிருந்து வந்த ஒரு பெண், கையில் ஒரே ஒரு பழம், இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை. "ஐயா, எம்புள்ளைக்குப் பேச்சு வரலிங்கய்யா. வீடியோ பாத்துட்டு வந்தேன். ஒன்னே ஒன்னு பிழிஞ்சிக்கிறேன்" என்றாள். அப்பா நிமிர்ந்தார். கண் ரத்தச் சிவப்பு. இவளிடம் அவர் தோற்றுவிடுவார் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பழத்தை வாங்கிப் பித்தளை வேலின் அடியில் வைத்தார். பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்தார். "தொட்டுக்க தாயி. பூசாரியத் தவிர வேற யாரும் இதுவரைக்கும் தொட்டதில்ல. நீ தொட்டுக்க" என்றார்.

பிள்ளை பேசவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். ஆனால் அது விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே இருந்தது, கையை எடுக்க மாட்டேன் என்றது. அம்மாக்காரி குனிந்து தானும் தொட்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். பழங்கள் பித்தளை வேலடியில் மலையாகக் குவிந்தன. நிறையப் பேர் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கையிலிருக்கும் பிசுக்கும் கல்லுக்கு ஆகாது என்று நீ வந்து நிற்காதே. அதற்கு என்ன வழி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடு, அப்பா கேட்பார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான், முடியவில்லை. அடியில் ஒரு மூலையில் சாறு பட்டுவிட்டது. நிலம் என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. சந்திரன் மாமா எங்களோடு பேசுவதில்லை. வேறு தலைவர் வேண்டும் என்று கூட்டம் கூட்டப் போகிறார்களாம். கூட்டட்டும். ஆனால் நடுவில் இருக்கிற வரிகள் அப்படியே இருக்கின்றன, தம்பி. நீ கவலைப்பட்டது போய்விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், தோல் இன்னும் சிவந்துதான் கிடக்கிறது. திடீரென்று கேட்டார், "அது உசுரோட இருந்தப்ப அதுக்குக் கண்ணு இருந்துச்சாமா?"

"எதுக்கு?"

"அதுக்குத்தான். கல்லுல இருக்கே."

"எனக்கென்ன தெரியும்? உங்க மவனக் கேளுங்க" என்றேன். போனை எடுத்தார். உன் பெயரைத் தேடி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். "எடுக்க மாட்டான்" என்றார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் பயப்படாத மனிதர், தம்பி, அந்தப் போனைப் பார்த்துப் பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வா. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குக் கண் இருந்ததா இல்லையா என்று மட்டும் சொல். இருந்தது என்றால், அது எதையெல்லாம் பார்த்தது என்று அடுத்துக் கேட்பார். அதற்கும் பதில் வைத்துக்கொண்டு வா.

அம்மா